ரேஸ் நிற்காது, மாமா

என் மாமனார் மர்சூக் ஹாஜியாருக்கு ஒரு விஷயத்தை விளங்கப்படுத்துவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். சுவராவது குறுக்கே பேசாது.

அவருடைய மகன் ரஸீன், அதாவது என் கணவர், கொழும்பில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிறவர். நாடு முழுக்க ஓடியிருக்கிறார், ஆனால் சொந்த ஊருக்குள்ளால் ஓடியதில்லை. இந்த வருடம் ஐந்து நாள் ரேஸின் மூன்றாம் நாள் கண்டியிலிருந்து தம்புள்ளைக்குப் போகிறது, அதுவும் அலவத்துகொடையில் எங்கள் வாசலைக் கடந்து. கேள்விப்பட்ட அன்றே மாமா போய்ப் பொன்னாடை வாங்கிவந்துவிட்டார்.

எங்கள் ஊரில் பேர் வாங்கிய யாரும் பொன்னாடைக்குத் தப்பிப் போக முடியாது. மந்திரி வந்தாலும் சரி, பரீட்சையில் பாஸான பிள்ளை வந்தாலும் சரி, மறித்து, போர்த்தி, நாலு வார்த்தை பேசித்தான் அனுப்புவார்கள். மாமா ரேஸையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். வாசலில் மேசை, வெள்ளை விரிப்பு, பாடசாலையிலிருந்து இரவல் மைக், ஓடுகிற அத்தனை பேருக்கும் வட்டிலப்பம். முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்து அந்த இனிப்பை அவித்தது நான்.

"ரேஸ் நிக்காது மாமா. சர்ரென்டு பெய்த்துடுவாங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பெத்த வாப்பா நிக்கிற எடத்துல நிக்காம போவானா? ரெண்டு நிமிசம்தானே மகள். மத்தப் பிள்ளைகளும் திண்டுட்டுப் போகட்டும்."

எனக்குப் பயம் வேறு விஷயத்தில். ரஸீனுக்கு டெங்கு வந்து இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போதே டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: காய்ச்சல் விட்டாலும் இதயம் தேறவில்லை, நான் சொல்லும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது, தொட்டால் உயிருக்கே ஆபத்து. மனிதர் நன்றாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பென்று கலியாணம் முடித்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

காலையில் அவர் எழும்புமுன் கையைப் பிடித்து நாடி பார்ப்பது என் வேலை. ஓடி ஓடிப் பழகிய இதயம் என்பதால், சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டாது. டெங்குவுக்குப் பிறகு அது எழுபதுக்குக் கீழே இறங்கவேயில்லை. கிளப்பில் சோதித்தவர்கள் இவருடைய பழைய நாற்பதை அறியாமல், எழுபதைக் கண்டு சந்தோஷப்பட்டு, ஓடலாம் என்று விட்டார்கள். டொக்டர் சொன்னதைப் பற்றி இவர் அங்கே வாய் திறக்கவில்லை.

"எழுவது எல்லாருக்கும் நோர்மல்தானே" என்றார் என்னிடம்.

"நீங்க எல்லாருமா?"

"இத்தன வருசத்துல ஒரு ரேஸயும் நான் பாதியில உட்டதில்ல மஸாஹிரா. வாப்பா வாசல்ல நிக்கக்கொள்ள இந்த ரேஸ உடச் செல்றியா?"

"எனக்கு நீங்க உசிரோட வேணும்" என்றேன். அழுதேன். மூன்று நாள் பேசாமல் இருந்தேன், அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. டொக்டர் சொன்னதை வாப்பாவிடம் சொல்லக்கூடாது என்று மட்டும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் ஒரு மடைச்சி, கொடுத்தேன்.

அன்றைக்குப் பத்து மணிபோல பொலிஸ் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பின்னாலேயே முதல் கூட்டம். மாமா பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நடுரோட்டுக்கு இறங்க, பக்கத்து வீட்டு ஷப்ராஸ் ஓடிப்போய் அவரை இழுத்து ஓரத்தில் விட்டான். காற்றுத்தான் அடித்தது. அதில் ரஸீன் இல்லை. அடுத்த கூட்டம் போனது, அதிலும் இல்லை. நான் ரோட்டோரத்துக்கு வந்து வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் போன பிறகு வளைவில் தனியாக ஒரு சைக்கிள் வந்தது. நேராக ஓட முடியாமல் அசைந்து அசைந்து வந்தது. மேசைக்கு முன்னால் வந்ததும் ரஸீன் காலை ஊன்றினார். உதட்டில் இரத்தமே இல்லை.

ஊர் கைதட்டியது. மாமா பாய்ந்து போய்ப் பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார். "பாத்தீங்களா? ரேஸ விட வாப்பா பெரிசென்டு நிண்ட மகன் இவன்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தெரியாத மனிதர். ரேஸிலிருந்து விலகியவர்களை ஏற்றுகிற வேன் வந்து நின்று, அதிலிருந்தவர் சிங்களத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டார். பிரச்சினை ஒன்றுமில்லை, பகல் சாப்பாட்டுக்கு மகன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று மாமாவும் சிங்களத்திலேயே சொல்லி, அவர் கையில் ஒரு கோப்பை வட்டிலப்பத்தைக் கொடுத்து அனுப்பினார். பிறகு மகனின் தோளில் கைபோட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். நான் பின்னாலேயே ஓடிக் கதவைச் சாத்தினேன். இன்றைக்கு மாமாவை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றுதான் சாத்தினேன்.

கதவு சாத்தியதும் மாமாவின் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. ரஸீனைக் கதிரையில் இருத்திவிட்டு, தரையில் குந்தி, அவருடைய சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். பட்டியைக் கழற்றப் போய் இரண்டு தரம் அதை இன்னும் இறுக்கிவிட்டார்.

"நெஞ்சு நோவுதா மகன்?"

"கொஞ்சம். மூச்செடுக்க ஏலாம ஈக்கி."

"நீ வளைவுல வரக்கொள்ளயே கண்டுட்டேன். ஷப்ராஸ அவன்ட வேன பின்பக்கம் எடுக்கச் செல்லிட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போவம். முன்னால நிக்கிற சனத்துக்கு ஒண்டும் தெரிய வேணாம். நீ எனக்காக நிண்டதாவே ஈக்கட்டும்."

ரஸீன் முகத்தைப் பொன்னாடையால் மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். "நான் ஒங்களுக்காக நிக்கல்ல வாப்பா."

"தெரியும்" என்றார் மாமா. "மத்தக் கால நீட்டு."