ஐஸ் மணி கேட்ட காது

அப்பன் மூன்றாவது முறை அறைந்ததில் அழகம்மாவின் வலது காதிலிருந்து ரத்தம் வந்தது. ஆறு வயதுப் பிள்ளை அழக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி நின்றது.

"நேத்து ஐஸ்காரன் மணி கேட்டுச்சு, இன்னைக்கு அப்பன் கூப்பிட்டாக் கேக்கலையா? அம்புட்டுத் திமிரு!"

பாண்டிராஜ் மறுபடி கையை ஓங்கினான். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை.

கனகா யோசிக்கவில்லை. சுவரில் தொங்கிய மூட்டைக் கொக்கியை உருவிப் புருஷனின் முழங்கைக்குக் கீழே இறக்கினாள். சதை பிளந்தது. அவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி உடைந்தும் அவள் கொக்கியை விடவில்லை. கீழக்குயில்குடித் தெருவே திரண்டு வந்துதான் பிரித்தது.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஆட்டோ. மறுபடி அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பக்கத்து வீட்டு மொக்கைச்சாமி நடுவில் உட்கார்ந்து வந்தார்.

பாண்டிராஜின் கைக்குப் பதினொரு தையல். காது டாக்டர் சூடாமணி, அழகம்மாவின் வாய்க்குள் டார்ச் அடித்தார். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. மேலண்ணத்திலும் பிளவு.

"கைக்குழந்தையில பால் மூக்கு வழியா வந்துச்சா?"

"வந்துச்சும்மா. புரையேறுதுன்னு இருந்துட்டோம்," என்றாள் கனகா.

டாக்டர் பாண்டிராஜைப் பார்த்தார். "எச்சில் முழுங்குங்க. காதுல 'டப்'புன்னுதா? மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்கு ஒரு குழாய் போகுது. அண்ணத்துத் தசை இழுத்தாத்தான் அது திறக்கும். இவளுக்கு அந்தத் தசை நடுவுல சேரவே இல்லை. குழாய் திறக்காம, காதுக்குள்ள நீர் கட்டி நிக்குது."

"பெறகு ஐஸ் மணி மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

"சளி குறைஞ்சா ரெண்டு நாள் கேக்கும், திரும்ப அடைக்கும். பிள்ளை நடிக்கலை. இன்னைக்கு நீங்க அறைஞ்சதுல செவிப்பறையும் கிழிஞ்சிருச்சு."

"சரியாகுமாம்மா?" என்றாள் கனகா.

"கிழிசல் ஆறணும். அண்ணத்தைத் தைச்சுத் தசையைச் சேர்த்தா, குழாய் வேலை செய்ய வாய்ப்பு இருக்கு."

"ஆபரேஷனுக்குக் கையெழுத்து நான் போடுறேன். இந்த ஆளு பிள்ளையைத் தொடக்கூடாது."

பாண்டிராஜ் எழுந்து வெளியே வந்தான். டாக்டர் பார்த்து முடித்து வெளியே அனுப்பிய பிள்ளை வராந்தா பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது.

"அழகு."

திரும்பவில்லை.

"அழகம்மா!"

தூரத்தில் போன நர்ஸ் திரும்பினாள். பிள்ளை திரும்பவில்லை. அவன் சுற்றிக்கொண்டு முன்னால் போய், தலையைத் தடவக் கையைத் தூக்கினான்.

பிள்ளை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்தது.