முந்தாநாளே கிளம்பியவள்

ஆட்டு இரைப்பைக்குள் வெண்ணெயை அழுத்தித் திணித்து வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள் யாங்சோம். மேட்டுச் சமவெளியைக் கடந்து தெற்கே பார்லிச் சந்தைக்குப் போய்த் திரும்பும்வரை அது கெடக் கூடாது. கூடாரத்துக்கு வெளியே, பார்லிக்கு மாற்ற வேண்டிய உப்பு மூட்டைகள் தயாராகக் கிடந்தன.

கொழுந்தன் சம்துப் வந்து நின்றான்.

"நல்லா இறுக்கித் தைங்க அண்ணி. வழியில நான்தானே திங்கப்போறேன்."

"இது எனக்கு. உங்களுக்கு உங்க பொண்டாட்டி தைப்பா."

அவன் சிரித்தான். அவள் கணவன் இறந்த பிறகு இரண்டு முறை அவளுடைய கவரிமாடுகளையும் அவன்தான் ஓட்டிப் போனான். இந்த ஆண்டும் அவனே ஓட்டிப் போனால் முகாமில் எல்லோரும் அவற்றை 'சம்துப்பின் மாடுகள்' என்றே சொல்லிவிடுவார்கள். இப்போதே பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். போன வாரம் அவளே ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு, அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தாள்.

"நாளைக்குக் கிளம்புறோம். ஆனா உங்களை மாதிரி முயல் வருஷத்துல பொறந்தவங்களுக்கு நல்ல நாள் முந்தாநாளே போயிடுச்சாம். அடுத்தது வர்றதுக்குள்ள பனி விழுந்து கணவாய் மூடிடும். லாமா சொல்லிட்டாரு, நான் என்ன செய்ய?"

அந்தக் கனிவான குரல்தான் அவளுக்கு எரிச்சலூட்டியது. அதட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

"நான் முந்தாநாளே கிளம்பிட்டேனே."

"என்னது?"

ஊசியால் ஓடைக்கு அக்கரையைக் காட்டினாள். பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய கற்குவியலின் அடியில் முந்தாநாள் அவள் கொண்டுபோய் வைத்த மாவுப் பையும் மரக் கிண்ணமும் இருந்தன. நல்ல நாளில் ஆள் புறப்பட முடியாவிட்டால் பொருள் முன்னே போகும். பொருள் போனால் ஆள் போன மாதிரிதான்.

பால் கறந்துகொண்டிருந்த சம்துப்பின் மனைவி தோல்கர், மாட்டு வயிற்றில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

"அதெல்லாம் ஆம்பளைங்களுக்கு," என்றான் சம்துப்.

"போன வருஷம் உங்க தொப்பி கிளம்பிப் போச்சு. நீங்க இங்க பார்லிக் கள்ளு குடிச்சுட்டுக் குறட்டை விட்டீங்க. உங்க தொப்பிக்குக் கால் இருக்கு, என் கிண்ணத்துக்கு இல்லையா?"

"வெளையாடாதீங்க அண்ணி. போய் அதை எடுத்துட்டு வாங்க!"

தோல்கரின் சிரிப்பு சட்டென்று நின்றது. புறப்பட்ட பொருளைத் திருப்பி எடுப்பது, போகிறவர் செத்துப்போகட்டும் என்று சொல்வதற்குச் சமம். சம்துப்புக்கும் உறைத்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீங்களே போய் எடுங்க தம்பி," என்றாள் யாங்சோம் மெதுவாக.

அவன் அசையவில்லை.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. கணவன் விழுந்து இறந்த அந்தக் கணவாயை அவள் இதுவரை ஏறியதில்லை. உச்சியில் மூச்சு முட்டும்போது உட்கார்ந்து அழுதுவிடுவோமோ என்று தோன்றியது. அழுதால் என்ன? அழுதுகொண்டே மாடு ஓட்டக் கூடாது என்று எந்த லாமா சொன்னார்?

மறுநாள் காலையில் சம்துப் கடைசியாக ஒருமுறை முயன்றான்.

"முன்னால போற தலைமாடு பொம்பளை பேச்சைக் கேக்காது அண்ணி."

"கேக்கலேன்னா திட்டுவேன். உங்களைத் திட்டலையா?"

அவனிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். தலைமாடு உண்மையிலேயே கேட்கவில்லை. பின்னங்காலை உதறியது, உப்பு மூட்டை சரிந்து தரையில் விழுந்தது. முகாமே பார்த்துக்கொண்டிருந்தது. யாங்சோமின் காதுகள் சுட்டன. மூட்டையைத் தூக்கி வைத்து, மாட்டின் விலாவில் முழங்காலை ஊன்றி வாரை இழுத்துக் கட்டினாள். பிறகு அதன் தாயையும் பாட்டியையும் சேர்த்துத் திட்டினாள்.

மாடு நடந்தது. மற்றவையும் பின்னால் அசைந்தன.

"அண்ணி," என்று குரல் கொடுத்தான் சம்துப், "என் மாடுங்களை எங்க விட?"

"பின்னால," என்றாள், திரும்பாமல்.