கொழும்பிலிருந்து ரோலர் வரைக்கும்

தேயிலையை உண்டாக்குவது இலையுமல்ல, மழையுமல்ல, மனிதர் கையுமல்ல. சங்கிலிதான் என்று றோலண்ட் சொன்னபோது ஸ்டோரில் ஒருவரும் சிரிக்கவில்லை. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதன் உருட்டும் அறையில், கவிழ்த்துப்போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிறவனைப் போல அவன் பேசினான். அவன் உதவி டீமேக்கர், ஸ்டோரை நடத்துகிறவருக்கு அடுத்த ஆள். அட்டனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்து, கம்பெனியின் கொழும்புக் கந்தோரில் ஆறு மாதம் நவீன முறைகளைப் பயின்று திரும்பியிருந்தான். போகும்போது ஒரு டிரங்குப் பெட்டி கொண்டுபோனவன், வரும்போது அதோடு ஒரு கொள்கையையும் கொண்டுவந்தான்.

"இன்னைக்கு வரைக்கும் கொழும்பு ஒன்னு நெனைக்குது, தொரை ஒன்னு சொல்றாரு, நீங்க ஒன்னு செய்யறீங்க. இனிமே கொழும்பு நெனைச்சா இந்த ரோலர் சுத்தணும். நடுவுல மூச்சு விட எடம் இருக்கக்கூடாது."

இலை தள்ளுகிற அழகன், மூச்சு விடாமல் எப்படிங்கய்யா வேலை செய்வது என்று உண்மையான கவலையோடு கேட்டான். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று றோலண்ட் விளக்க வேண்டியதாயிற்று. பெரிய கொள்கைகளுக்கெல்லாம் முதல் நாளிலேயே இப்படி ஒரு அழகன் வந்து வாய்க்கிறான்.

சங்கிலிக்கு ஒரு பலகை இருந்தது. கதவளவு பலகைக்கு வெள்ளை பூசி, சிவப்பு வர்ணத்தில் கட்டங்கள் போட்டு, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தான். உச்சிக் கட்டத்தில் கம்பெனியின் நோக்கம்: வெளியூர் வியாபாரிகளுக்குப் பளிச்சென்ற நிறத்தில் தேயிலை, மற்றத் தோட்டங்களுக்கு முன்னால். அதிலிருந்து கோடு இறங்கி, தோட்டத்தை ஆளும் தொரையின் உத்தரவுக்கு வந்தது. அங்கிருந்து ஸ்டோரின் முறைக்கு. அங்கிருந்து கிளை பிரிந்து எஞ்சினுக்கும் ரோலருக்கும் அடுப்புக்கும். அடிவரிசையில் ஆட்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாதென்பதால் கட்டத்துக்கு ஒரு கை வரைந்திருந்தான்: இலை தள்ளும் கை, கம்பி இழுக்கும் கை, பசை வழிக்கும் கை.

ரோலர் மேசையில் ஒட்டும் இலைப் பசையை வழிக்கிறவள் காளியாயி. தன் கட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என் மூஞ்சிய வரைய எடம் பத்தலீங்களா?" என்றாள்.

"மூஞ்சிக்கு இங்க வேலை இல்ல" என்றான் றோலண்ட். நல்ல பதில் என்று அவனுக்கே பட்டது. அன்று மாலை டீமேக்கர் சூசைரட்ணத்திடம் அதை இரண்டு தடவை சொன்னான்.

சூசைரட்ணம் வருஷ முடிவில் வேலையை விட்டுப் போகிறார். அவருடைய உத்தியோகமும், பூந்தொட்டி வரிசையும் தண்ணீர்க் குழாயும் உள்ள அவருடைய பங்களாவும் யாருக்கு என்பதுதான் றோலண்டின் நெஞ்சில் அந்த நாட்களில் இருந்த ஒரே கேள்வி. வலப்பனைப் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருப்பதாகத் தொரை சொல்லியிருந்தார். ஆனால் பையனுடைய சங்கிலி ஓடினால், கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர் வந்து பார்த்து மெச்சினால், பையனுக்கே கொடுத்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். ஆகவே றோலண்டின் எதிர்காலம் முழுவதும் ரோலர் தாமதமில்லாமல் சுற்றுவதில் தொங்கிக்கொண்டிருந்தது. ரோலரோ, வீரய்யாவின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டோருக்கு ஒரே எஞ்சின். அது கூரைக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புத் தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து தோல் வார் ஒன்று ரோலருக்கு இறங்கும். வார் வெறும் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்வரை ரோலர் அசையாது. கம்பியை இழுத்து வாரைப் பக்கத்துச் சக்கரத்துக்குத் தள்ளினால், பெரிய அண்டாபோல இருக்கும் ரோலர் பித்தளை மேசைமேல் வட்டமடித்து இலையைப் பிசையத் தொடங்கும். அந்தக் கம்பிதான் வீரய்யாவின் உத்தியோகம். அவருக்கு ஒரு கண் அவித்த முட்டையாகி வெகுகாலம் ஆயிற்று. மற்றது சாராயம் உள்ளே போன நாட்களில் அவருக்கே சொந்தமில்லை. கம்பியைத் தொடுமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரையும், தான் வைத்த பட்டப்பேரால் கூப்பிடுவார். எல்லாரும் பதில் சொன்னால்தான் இழுப்பார். அழகன் மைனர். அரைத்த இலையை வாருகிற சண்முகவடிவு, இரண்டு புருஷனைப் புதைத்தவள் என்பதால், கல்யாணப் பொண்ணு. காளியாயி மகாராணி. அவள் கடைசி. மகாராணி இன்னும் எந்திரிக்கல கெழவா, பல் விளக்கல, காப்பி குடிக்கல என்று தினம் ஒன்று சொல்லி அறையைச் சிரிக்கவைத்து, மேசையின் அடியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, சரி சுத்து என்பாள். அப்புறம்தான் ரோலர்.

றோலண்ட் இதை அப்படியே நடித்துக் காட்டுவான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குரலைக் கரகரப்பாக்கி, சூசைரட்ணத்தின் வீட்டு நாற்காலிகளை மகாராணி, கல்யாணப் பொண்ணு என்று கூப்பிட்டு, காதில் கையை வைத்துப் பதிலுக்குக் காத்திருப்பான். சூசைரட்ணம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். இலட்ச ரூபாய் மிஷின் ஒரு குருட்டுக் கிழவனின் வம்புப் பேச்சு முடியட்டும் என்று காத்து நிற்கிறதே, இதைக் கொழும்பில் சொன்னால் நம்புவார்களா என்று றோலண்ட் கேட்பான். நம்பமாட்டார்கள் என்று அவர் ஒத்துக்கொள்வார்.

பலகை மாட்டிய மறுநாள் மணி வந்தது. மணி அடித்தால் மாடியிலிருந்து இலை இறங்கவேண்டும், கம்பி இழுபடவேண்டும், அடுப்பு வாய் திறக்கவேண்டும். பேச்சுக் கிடையாது. வீரய்யா பழக்கதோஷத்தில் மைனர் என்று தொடங்கினார். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான் விழுந்தது, அதாவது அரை நாள் கூலி. அடுத்த நாளும் தொடங்கினார். அடுத்த நாளும் அரைப் பேர். மூன்றாம் நாள் மணி அடித்ததும் வாயை இறுக்கிக்கொண்டு கம்பியை இழுத்தார். உருட்டும் அறை கோவில்போல அமைதியாயிற்று. தேயிலை முன்னதாகவே பெட்டிக்குப் போயிற்று. தொரை கொழும்புக்கு எழுதினார். றோலண்ட், பங்களாவின் பூந்தொட்டிகளை எந்த வரிசையில் மாற்றி வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினான்.

பிறகு மழைமாதம். இலை ஈரமாக வந்தது. மேசைப் பள்ளங்களில் பசை அப்பிக்கொண்டு போகமாட்டேன் என்றது. காளியாயி தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டு வழித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அவள் செவிடி அல்ல. மணி அவளுக்கும் கேட்டது. ஆனால் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவரைக்கும் ரோலர் சுற்றாது என்று அத்தனை வருஷமாக அவள் கை அறிந்திருந்தது. மணி புதுசு, கை பழசு. வீரய்யா கம்பியை இழுத்தார்.

அவள் கத்தினது ரோலர் சத்தத்தில் தனியாகக் கேட்கவில்லை. சண்முகவடிவு கத்தினதுதான் கேட்டது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தொரைசானி ஒரு டின் பிஸ்கட் அனுப்பினாள். அதைத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. ஸ்டோரில் விசாரணை நடந்தது. தொரை பலகையின் முன் நின்று, உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். எங்கேயும் அறவில்லை. மணி நேரத்துக்கு அடித்திருக்கிறது, கம்பி நேரத்துக்கு இழுபட்டிருக்கிறது. அப்படியென்றால் பிழை ஆளில்தான் என்று முடிவாயிற்று. ஒரு கண் தெரியாதவனைக் கம்பியில் வைத்தது யார் என்ற கேள்வி வந்தபோது, றோலண்ட் தரையைப் பார்த்தபடி, அது தனக்கு முந்தின ஏற்பாடு என்றான். சூசைரட்ணம் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அவருக்குப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

வீரய்யாவுக்கு வேலை போயிற்று. வேலை போனதால், தோட்டம் கொடுத்த ஒற்றை அறையான லயத்துக் காம்பராவும் போயிற்று. நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் மச்சினன் வீட்டுக்கு மூட்டையோடு புறப்பட்டவர், ஸ்டோர் வாசலில் றோலண்டைக் கண்டு நின்றார்.

"நான் கூப்புட்டிருப்பேங்க. நீங்கதான் வேணாம்னீங்க" என்றார். கோபமில்லாமல், மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

காளியாயி திரும்பி வந்ததும் தொரைக்கு ஒரு சங்கடம். வேலை செய்யாதவளுக்குக் காம்பரா கிடையாது; ஆனால் பெரியவர் வரப்போகிற நேரத்தில் ஒரு கையில்லாதவளைத் தெருவில் விடுவதும் பார்வைக்கு நன்றாக இராது. றோலண்ட் ஒரே இரவில் வழி கண்டுபிடித்தான். மணிக்கயிற்றை இழுக்க ஒரு கை போதும். பலகையில் மணிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டம் போட்டு, அதில் ஓர் இடது கையை வரைந்தான். பசை வழிப்பதையும் சண்முகவடிவுக்கே கொடுத்ததில் ஓர் ஆள் மிச்சம். தொரை அவன் தோளைத் தட்டினார். சங்கிலியில் எதுவும் வீணாகவில்லை.

கம்பிதான் வீணாகக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரவல் வந்திருந்தவன் திரும்பிப் போனபின் அதைத் தொட ஆளில்லை. அழகனுக்கு நெஞ்சு வலித்தது. அடுப்புக்காரனுக்குத் தலை சுற்றியது. எஞ்சின் காவல்காரன், தனக்கு இரண்டு கண்ணும் மங்கல் என்று கேட்காமலே சொன்னான். பெரியவர் கொழும்பிலிருந்து வந்திறங்கிய காலையில், றோலண்ட் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தானே கம்பியைப் பிடித்தான். உத்தியோகம் அன்றைக்கு உறுதியாகவேண்டும்.

பெரியவர் பலகையை ரசித்தார். தொரை கோடுகளை விளக்கினார். காளியாயி இடது கையால் கயிற்றை இழுத்தாள். மணி அடித்தது. மாடியிலிருந்து இலை இறங்கியது. அடுப்பு வாய் திறந்தது.

ரோலர் சுற்றவில்லை.

றோலண்டின் இரண்டு கண்ணும் நல்ல கண்கள். அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ரோலரின் இந்தப் பக்கம் தெரிந்தது. அந்தப் பக்கம் தெரியவில்லை. சண்முகவடிவு அந்தப் பக்கத்தில் இருந்தாள். பெரியவர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். தொரையின் புன்னகை முகத்தில் அப்படியே காய ஆரம்பித்தது.

"மைனர்" என்றான் றோலண்ட், தொண்டைக்குள்.

அழகன் திடுக்கிட்டுத் திரும்பினான். "இருக்கேங்கய்யா" என்றான்.

"கல்யாணப் பொண்ணு."

ரோலருக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் மேலே உயர்ந்தன, இலைப் பசை வழிய. "இருக்கேன்" என்று குரல் வந்தது.

பெரியவர் தொரையின் காதில் ஏதோ கேட்டார். இனி இழுக்கலாம். ரோலர்ப் பக்கம் வேறு யாருமில்லை.

"மகாராணி" என்றான்.

காளியாயி மணிக்கயிற்றைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் தோல் வார் வெறும் சக்கரத்தில் பட்பட்டென்று அடித்துக்கொண்டு ஓடியது. அவன் கம்பியில் கையை வைத்துக்கொண்டு காத்து நின்றான்.