நெளிவு நீக்கிய முற்பகல்

பால் வண்டிகளும் பள்ளி வண்டிகளும் போய் ஓய்ந்து, வெயில் கூரைகளைக் கடந்து தெருவின் நடுவே இறங்கி, வீடுகள் தத்தம் வேலையில் ஆழ்ந்திருந்த முற்பகல் வேளையில், கடைசி வீட்டுக் கொட்டகையில் மட்டும் சிறு சுத்தியலின் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. உள்ளே நாற்பது அகவை கடந்த மகிழுந்து ஒன்று நின்றது. அதன் கதவினின்று கழற்றிய துருவேறா எஃகுப் பட்டையை மரக்கட்டைமேல் கவிழ்த்து, அதன் நெளிவைப் பின்புறமிருந்து தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள் அவ்வீட்டுத் தலைவி. தொழில் தையல், ஆதலின் பொறுமைக்குக் குறைவில்லை. கணக்காசிரியரான கணவரோ, உதவி என்னும் பெயரில் நாற்காலியில் அமர்ந்து வாயால் உழைத்துக்கொண்டிருந்தார்.

"பள்ளத்தைத் தேய்க்காதே, தட்டி மேல கொண்டு வா. தேய்ச்சா ஓட்டையாயிடும்."

"தெரியுதுங்க. நீங்க அந்த உப்புத்தாளை நனைச்சுக் குடுங்க, போதும்."

அவளுடைய தந்தை அம்மகிழுந்தை மூத்த மகளுக்கென்று எழுதிவைத்து மறைந்திருந்தார்; அன்று நண்பகலில் அவள் வந்து கொண்டுபோவாள். அந்நெளிவு நேர்ந்த வகையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளுக்குமுன், காலையில் ஓட்டிப் பழகிய அக்காள் உறங்கச் சென்றபின், தங்கையான இவள் எவரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்து வாயில் தூணில் மோதினாள். மாலையில் தந்தை அக்காளைக் கடிந்தார். அவளும் தன்னையறியாமல் தானே இடித்திருக்கக்கூடும் என்று நம்பி, அன்றோடு ஓட்டுவதை விட்டாள். தங்கை வாய் திறக்கவில்லை. அச்சம்தான், வேறொன்றும் இல்லை. இன்று நெளிவு மறைந்தால், சொல்லவேண்டிய தேவையும் மறையும் என்பது அவள் எண்ணம்.

நெளிவு எழுந்தது. முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மென்தாளுக்கு வந்து, களிம்பிட்டு, சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்தாள். அவ்விடம் மட்டும் ஒளிர்ந்து, ஒளிர்ந்தமையாலேயே கண்ணை உறுத்தியது. வேறு வழியின்றிப் பட்டை முழுவதையும், பின்னர் மற்றக் கதவுகளின் பட்டைகளையும் தேய்த்து, மீண்டும் கதவுகளில் பொருத்தி முடித்தாள். இடுப்பு ஒடிந்தது, மனம் ஆறியது.

அக்காள் ஓட்டுநர் ஒருவரோடு வந்தாள்; கதவுப் பட்டையில் விரலோட்டினாள்.

"நான் இடிச்ச இடத்தைக்கூட எடுத்துட்டியா? கண்டுபிடிக்கவே முடியல. உனக்குத் தங்கமான கைடி."

கடிந்திருந்தால் தாங்கியிருப்பாள், பாராட்டு தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"நீ இடிக்கலக்கா. நான்தான். நீ தூங்கினப்போ எடுத்தேன்."

அக்காள் பட்டையிலிருந்து விரலை எடுத்தாள். வாய் ஓயாத கணவர் தரையைப் பார்த்திருந்தார்.

"எனக்கு ஓட்டவே வராதுன்னு இருந்துட்டேன்டி, இத்தன வருஷமா."

தங்கை கண்கலங்கித் திறவுகோலை அவள் கையில் வைத்தாள். "இப்ப ஓட்டுக்கா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அக்காள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சினம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. பின் திறவுகோலை ஓட்டுநரிடம் நீட்டிவிட்டு, பின்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மை சொல்லப்பட்டது; ஆயினும், அது உதவக்கூடிய காலம் கடந்தபின் சொல்லப்பட்டது. மகிழுந்து தெருமுனையில் திரும்பும்வரை தங்கை வாயிலில் நின்றாள். வண்டிக்குள் இருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.