ஏழுக்குக் கீழே ஒரு வரி

1

இந்தக் கதை என் மேசையில் பிறக்கவில்லை. பக்கத்து மேசையில் பிறந்தது. அந்த மேசைக்காரியிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். "எழுதிக்கோங்கண்ணா. ஆனா சோகமா எழுதாதீங்க, படிக்கிறவங்க பாவம்" என்றாள்.

நாங்கள் இருவரும் ஒரு தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவில் வேலை செய்கிறோம். அறிவிப்பாளர் வாசிக்கும் வாக்கியங்களை நான் எழுதுகிறேன். அவர் வாசிக்கும்போது பின்னால் திரையில் வரும் அட்டவணைகளை அவள் தயாரிக்கிறாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'அட்டவணை' என்றே பெயர். கோபித்துக்கொள்ள மாட்டாள். தொலைபேசியை எடுத்தால் அவளே "அட்டவணை பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

"எண்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் அவை" — நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரைகளைச் சம்பளத்துக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. மண்டை பிளக்கும் வெயில். கதை என்றதும் கை தானாக மழையை வரவழைத்துவிட்டது.

"அக்காவின் எதிரே இருந்த திரையில் தம்பியின் முகம் வந்து நின்றது." இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அட்டவணையின் தம்பி எங்கள் நாட்டுக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'கதவு'. பந்து உள்ளே போகாதாம். போன வருடம் ஒரு பெரிய அணியிடம் ஏழு கோல் வாங்கினோம். நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. மறுநாளே அவன் பெயர் 'திறந்த வீடு' ஆகிவிட்டது.

அதே அணியோடு மறுபடியும் ஆட்டம் வந்தது, இந்த முறை எங்கள் ஊர் மைதானத்தில். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளையும் எண்களால் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுவது எங்கள் வழக்கம்.

(அந்த ஒப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தரவரிசையில் அவர்கள் ஒற்றை இலக்கம், நாங்கள் மூன்று இலக்கம். நடுவில் இருக்கும் நாடுகளை வரிசையாகச் சொன்னால் ஒரு பூகோள வகுப்பே முடிந்துவிடும். அவர்கள் சராசரி உயரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஒளிப்பதிவாளர், "கேமராவைக் கொஞ்சம் மேல தூக்கி வைக்கணும்போல" என்றார்.)

தயாரிப்பாளர் எங்கள் மேசைப் பக்கம் வந்தார். அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் மனிதர் கெட்டவரில்லை. தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"கடைசியா மோதின ஆட்டம்னு ஒரு வரி வரணும்மா. அந்த ஏழு வராம முடியாது. உனக்குக் கஷ்டமா இருந்தா வேற யார்கிட்டயாவது கொடுத்துடறேன்."

"யார் போட்டாலும் ஏழு ஏழுதானே சார்" என்றாள் அட்டவணை. "நானே போடறேன்."

3

இங்கே நான் ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அக்கா தம்பி பாசத்தைப் பற்றியது. எனக்கே கூசியது.

நடந்ததைச் சொல்கிறேன். அவள் அந்தப் பழைய ஆட்டத்தின் ஒளிப்பதிவை எடுத்து முதலிலிருந்து ஓட்டினாள். அதுவரை அவள் அதை முழுசாகப் பார்த்ததே இல்லை. காதில் ஒலிவாங்கி — இல்லை, ஒலிவாங்கி வாயில் இருப்பது. காதில் இருப்பதற்கு எங்கள் ஆபீஸில் ஹெட்போன் என்றுதான் சொல்வோம் — ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

ஒரு கட்டத்தில் என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அண்ணா, இதைப் பாருங்க. இதையும் பாருங்க. இது உள்ள போயிருக்க வேண்டிய பந்துதானே?"

போயிருக்க வேண்டிய பந்துதான். தம்பி பக்கவாட்டில் பாய்ந்து விரல் நுனியால் வெளியே தள்ளியிருந்தான். அப்படி ஒன்றல்ல, இரண்டல்ல. அன்று அவன் தடுத்தவை பதினைந்து. ஏழையே எல்லோரும் பேசியதில் இந்தப் பதினைந்தை யாரும் எண்ணவில்லை. நானும்தான் எண்ணவில்லை. அன்று 'திறந்த வீடு' என்ற பெயரை அறிவிப்பாளருக்கு எழுதிக் கொடுக்காதது மட்டும்தான் என் புண்ணியம்.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்ததும் அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள். 'கடைசியாக மோதிய ஆட்டத்தில் கோல்கீப்பர் தடுத்த பந்துகள்: எங்கள் பக்கம் பதினைந்து, அவர்கள் பக்கம் ஒன்று.'

தயாரிப்பாளர் பார்த்துவிட்டுத் துள்ளினார். "இதும்மா செய்தி! இதையே பெரிசாப் போடுவோம்."

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவமானப்பட்டவனுக்கு நியாயம் கிடைத்தது, சுபம். ஆனால் அவள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

4

கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள். அதனால்தான் இந்த உரையாடல் எனக்குக் கிடைத்தது.

"டேய், பதினைஞ்சு தடுத்திருக்கேடா!"

"தெரியும்க்கா. தோள்பட்டை ஒரு மாசம் வலிச்சுதே."

"அதைப் போடறோம். எல்லாரும் பாக்கட்டும்."

"போடாதேக்கா" என்றான்.

"ஏன்டா? பொய்யா போடறேன்?"

"பொய் இல்ல. ஆனா என்கிட்ட அவ்வளவு பந்து வந்துச்சுன்னா என்ன அர்த்தம்? எனக்கு முன்னாடி நின்ன நாலு பேரும் கோட்டை விட்டாங்கன்னு அர்த்தம். என்னைக் காப்பாத்தறேன்னு அவங்களை மாட்டி விடறே. இடது பக்கம் நிக்கிறவன் அன்னைக்குக் காய்ச்சலோட ஆடினான், மாத்தி இறக்க ஆள் இல்லாம. ஏழு வாங்கினப்ப ஊர் என்னைத்தான் திட்டுச்சு. அவனை இப்பப் புதுசா திட்ட வைக்கணுமா?"

"நீ மட்டும் திட்டு வாங்கிட்டே இருப்பியா?"

"தியாகம் எல்லாம் இல்லக்கா. நாளைக்கு அதே நாலு பேர்தான் என் முன்னாடி நிக்கப் போறாங்க. ஓட்டல்ல எல்லாரும் சேர்ந்துதான் டிவி பாக்கறோம். உன் அட்டவணையைப் பாத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னாங்கன்னா எட்டாவது கோல் எனக்குத்தான் விழும்."

அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "எவ்வளவு கஷ்டப்பட்டு எண்ணினேன் தெரியுமாண்ணா" என்றாள் என்னிடம். அவன் மேல் அவளுக்கு நிஜமான கோபம்.

5

இந்தத் தம்பியை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருப்பானா? வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன்.

"அவனா நல்லவன்? என் கல்யாணத்தன்னைக்கு மேட்ச் இருக்குன்னு தாலி கட்டி முடிச்சதும் ஓடிட்டான். குரூப் போட்டோல அவனே கிடையாது. இன்னிக்கு வரைக்கும் மன்னிப்புக் கேக்கல" என்றாள்.

சந்தேகம் தீர்ந்தது.

6

அன்று மாலையே அந்த வரியை எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளரிடம் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் கதவோரம் நின்றேன். (வேடிக்கை பார்ப்பதுதான் என் பங்கு. கதையிலும் அதை மாற்றப் போவதில்லை.)

"நீயே கொண்டு வந்தே, நீயே எடுக்கச் சொல்றே. என்னம்மா விளையாட்டு இது?"

"வரியை எடுத்துட்டுச் சும்மா விடச் சொல்லல சார். அந்த இடத்துல வேற போடறேன்."

அவள் காட்டிய வரி இது: 'ஒரு கோல்கூட வாங்காத ஆட்டங்கள், கடைசி ஆறில்.' அவர்கள் பக்கம் மூன்று. எங்கள் பக்கம் நான்கு.

தயாரிப்பாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நாம எப்ப நாலு ஆட்டம் கோல் வாங்காம இருந்தோம்?"

"ஏழுக்கு அப்புறம்தான் சார். சின்னச் சின்ன நாடுகளோட. மூணு ஆட்டம் டிரா, அதனால யாரும் கவனிக்கல. கோல் வாங்காதது கோல்கீப்பர் மட்டும் செய்யற வேலை இல்ல. அஞ்சு பேர் வேலை. அஞ்சு பேருக்கும் சேர்த்துப் போடறேன்."

"அப்ப ஏழைச் சின்னதாக்கப் போறியா?"

"இல்ல சார். ஏழும் இருக்கும், நாலும் இருக்கும். ஒரே அளவு எழுத்துல."

அவர் பேனாவால் மேசையைத் தட்டினார். பதினைந்து போனதில் அவருக்கு வருத்தம்தான். எனக்கும்தான், அதை வைத்து ஓர் அருமையான வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். கடைசியில், "சின்ன நாடுகளோட ஆடினதுன்னு கீழ ஒரு குறிப்பு போட்டுடு. நாளைக்கு எவனாவது கேப்பான்" என்றார். அவள் போட்டாள்.

7

ஆட்டத்தன்று மதியம் அட்டவணை திரையில் ஓடியது. சிறிது நேரத்தில் அவளுடைய அம்மாவிடமிருந்து போன்.

"கடைசி வரிக்கு என்னடி அர்த்தம்?"

அவள் விளக்கினாள். அந்த ஏழு கோல் ஆட்டத்துக்குப் பிறகு அம்மா மகன் ஆடுவதைப் பார்ப்பதையே விட்டிருந்தார். ஆட்டம் நடக்கும்போது துணி மடிக்கப் போய்விடுவார். மடித்த துணியையே மறுபடி மடிப்பாராம்.

"நாலு ஆட்டத்துல ஒண்ணுகூட விழலையா? யாருமே எனக்குச் சொல்லலையே."

"நீதான் யாரையும் பேச விடறதில்லையேம்மா."

"சரி சரி. இன்னைக்கு எத்தனை மணிக்கு?"

8

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன்.

அ. எங்கள் அணி ஒன்றுக்குச் சுழியம் என்று ஜெயிக்கிறது. (சினிமா.)

ஆ. தோற்கிறது, ஆனால் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில், மைதானமே எழுந்து நின்று கை தட்டு — (பாதியில் விட்டேன். இதுவும் சினிமாதான், கொஞ்சம் அழுத்தமான சினிமா.)

இ. டிரா. (யாருக்கும் கோபம் வராத முடிவு. எழுதி முடித்ததும் எனக்கே கோபம் வந்தது.)

மூன்றையும் அவள் படித்தாள். "இதுல ஒண்ணு சரியாத்தான் இருக்கு" என்றாள், "ஆனா அது வேண்டாம்ணா. ஸ்கோரைப் போட்டா அப்புறம் மத்த எதையும் யாரும் படிக்க மாட்டாங்க. எனக்கு எது ஞாபகம் இருக்குன்னு சொல்லட்டுமா?"

சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்கால வெயிலில் இரண்டு அணிகளும் வந்து நின்றன. அவர்கள் உயரமாக இருந்தார்கள். அதில் எங்கள் எண்கள் தப்பில்லை. தம்பி கோலுக்குப் போனான். வலது கையுறையை மாட்டிக்கொண்டு இடது கையுறையின் பட்டையை இழுத்துக் கட்டப் பார்த்தான். கையுறையின் தடித்த விரல்களுக்குள் பட்டை அகப்படவில்லை. அப்போது இடது பக்கம் நிற்கிறவன் தன் இடத்திலிருந்து ஓடி வந்தான். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையை இறுக்கி ஒட்டினான். ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று ஒலிப்பதிவில் இல்லை. தம்பி சிரித்தான். ஏழுக்குப் பிறகு அவன் மைதானத்தில் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் முறை.

இடது பக்கத்துக்காரன் என்ன சொல்லியிருப்பான் என்று நான் நாலைந்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன். எல்லாம் அறிவிப்பாளருக்கு எழுதியவை போலவே இருக்கின்றன. உங்களுக்கு நல்லதாக ஏதாவது தோன்றினால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கோரையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் தாராளமாகவே போடலாம்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார்.