அரைச் சுற்று

அந்தப் பாய்மரப் படகு யாருடையது என்று கேட்டால், படகுத்துறை அலுவலகத்துப் பதிவேடு கேப்டன் பெயரைச் சொல்லும். அடிப்பலகையைத் தூக்கி, உள்ளே தலைகீழாகத் தொங்கிப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு பெயர் வரும். ஆனால் அப்படித் தொங்கிப் பார்த்தது உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவளை யாரும் கேட்கவில்லை.

கேப்டன் என்றதும் நிஜக் கேப்டன் என்று நினைத்துவிட வேண்டாம். இன்சூரன்ஸ் ஆபீஸில் துணை மேலாளர். நீலத் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார், துறையில் எல்லோரும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் மனைவி தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். கடைத்தெருவில் அவள் மெஷினக்கா. துறையில் மட்டும் கேப்டன் வீட்டம்மா.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கும்போதே படகுக்கு முப்பது வயது. மூன்றாவது வாரமே கேப்டனுக்கு ஆசை வடிந்துவிட்டது. கூரை ஒழுகியது, என்ஜின் இருமியது, கழிவறையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

"வித்துத் தொலைச்சிடலாம்" என்றார்.

"ஒரு வாரம் பொறுங்க. என்னன்னு பாக்கறேன்" என்று மெஷினக்கா ஸ்குரூ டிரைவரோடு உள்ளே இறங்கினாள். அந்த ஒரு வாரம்தான் ஒன்பது வருஷம் ஆனது.

சும்மா சொல்லக்கூடாது, அவள் அவ்வளவு சந்தோஷமாக வேறு எங்கேயும் இருந்ததில்லை. கடையை மூடியதும் துறைக்கு ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலிருந்தே அங்கேதான். கிழிந்த பாயைக் கடைக்குக் கொண்டுவந்து, இருக்கிற மெஷின்களிலேயே கனமானதில் போட்டுத் தைத்தாள். நான்கு நாள் கடை முழுக்கப் பாய் விரிந்து கிடந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த மெஷினை வாங்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்து போனார்கள். பழைய மின்கம்பிகளை எல்லாம் உருவிப் போட்டுப் புதிதாக இழுத்தாள். எது எதற்கு என்று தெரிய ஒவ்வொன்றின் முனையிலும் தையல் நூல் சுற்றினாள். சிவப்பு விளக்குக்கு, பச்சை தண்ணீர்ப் பம்புக்கு, மஞ்சள் ரேடியோவுக்கு. மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போய்விட்டது. போனைத் திறக்க விரலை வைத்தால் அது அவளை யார் என்று கேட்டது.

இரண்டாவது வருஷம் கூரையைப் பிடித்தாள். ஒழுகுவது படுக்கைக்கு மேலே, ஓட்டை இருப்பதோ ஆறடி தள்ளிக் கயிறு கட்டும் கொக்கிக்கு அடியில். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் ஆனது. கொக்கிகளை எல்லாம் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, மறுபடி பூட்டினாள். அடுத்த மழைக்குக் குடையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய், படகுக்குள் தனியாக உட்கார்ந்தாள். மேலே கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. இரண்டு மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று கூட அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

என்ஜின்தான் கடைசியாக வசப்பட்டது. பழைய டீசல் என்ஜின். குழாயில் கொஞ்சம் காற்றுப் புகுந்தாலும் முரண்டு பிடிக்கும். பக்கவாட்டில் இருக்கும் கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆனால் சில நேரம் அந்தப் பம்பின் பிடி தொளதொளவென்று ஆடும், அழுத்தினால் ஒன்றும் ஏறாது. பம்ப் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் அப்படி நினைத்து இரண்டு பம்ப் வாங்கி மாற்றியவள்தான். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. என்ஜின் சில நேரம் பம்பைப் பாதி அழுத்தியபடியே நின்றுவிடுகிறது. முன்னால் உள்ள நட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினை அரைச் சுற்று திருப்பிவிட்டால், பிடி தானாக இறுகும். பிறகு ஏழெட்டு முறை அழுத்தினால் போதும், என்ஜின் பேச ஆரம்பித்துவிடும்.

இவ்வளவும் நடக்கும்போது கேப்டன் என்ன செய்தார் என்றால், துரும்பைக் கூடக் கிள்ளிப் போடவில்லை. மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம், "போன வாரம்தான் என்ஜினை முழுசா இறக்கினோம்" என்பார். ஒன்பது வருஷத்தில் படகு கடலுக்குள் போனது பதினோரு தடவை. பதினோரு தடவையும் சுக்கான் அவர் கையில். கீழே என்ஜின் பக்கத்தில் அவள். காற்று பாயை நிறைக்கும்போது படகு லேசாகச் சாய்ந்து வேகம் எடுப்பதை அவள் முதுகால்தான் தெரிந்துகொள்வாள். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. போதும் என்று நினைத்தது அவள் தப்பு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேப்டன் ஒரு பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெல்லிய மனிதர், நீண்ட விரல்கள். ஏதோ நண்பர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் மெஷினக்கா நினைத்தாள். டாக்டர் பலகையைத் தூக்கிப் பார்த்தார், கம்பிகளைப் பார்த்தார்.

"இந்த நூலெல்லாம் என்ன சார்?"

கேப்டன் தொப்பியைச் சரிசெய்தார். "அதுவா... அது ஒரு சிஸ்டம் டாக்டர்."

"சிவப்பு விளக்குக்கு, பச்சை பம்புக்கு, மஞ்சள் ரேடியோவுக்கு" என்றாள் அவள் பின்னாலிருந்து.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் கேப்டன் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா, கூட இருந்து பாத்துப் பாத்து அவளுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு!"

"எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா சார்? பின்னால எனக்கு உதவுமே."

"எழுத எதுக்கு? எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்று கேப்டன் தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். "எது வேணும்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க."

பின்னால என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் போனதும் அவள் கேட்டாள். "படகை வித்துட்டீங்களா?"

"கண்ணை மூடு" என்று சொல்லி, தோளைப் பிடித்து நடத்திப் படகுகள் கட்டும் பாலத்தின் மறுகோடிக்குக் கூட்டிப் போனார். கண்ணைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று புதுப் படகு. "எப்படி? ஒம்போது வருஷம் நீ பட்ட பாடு போதும். இதுல உனக்கு வேலையே இல்ல. ராணி மாதிரி உக்காந்து வா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா அது சர்ப்ரைஸா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "சந்தோஷப்படுவேன்னு பாத்தா..."

இதுதான் அவள் வயிற்றெரிச்சல். அந்த மனிதர் நிஜமாகவே அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். கெட்டவன் என்றால் சண்டை போடலாம். பரிசு கொடுக்கிறவனிடம் என்ன சண்டை போடுவது?

டாக்டர் படகை விரிகுடாவின் அந்தக் கரைக்குக் கொண்டுபோனார். அது போவதை அவள் பார்க்கவில்லை. கடையில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் மெஷினில் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

புதுப் படகில் எல்லாம் மூடி ஒட்டியிருந்தது. அடித்தட்டைத் திறக்கலாம் என்று போனால், திறந்தால் கம்பெனி பொறுப்பேற்காது என்று ஒரு சீட்டு. ஒழுகவில்லை, இருமவில்லை, கிழியவில்லை. பட்டனைத் தொட்டால் பாய் தானாக விரிந்தது. அவளுக்கென்று கேப்டன் ஒரு மெத்தை போட்டிருந்தார். அதில் உட்கார்ந்து வந்தாள்.

மூன்றாவது ஞாயிறு காலை கேப்டன் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேரைக் கூட்டி வந்திருந்தார். படகு இன்னும் துறையில்தான் நின்றது. பழைய என்ஜினை அவர் பிரித்துப் பூட்டிய கதை ஓடிக்கொண்டிருந்தது. எதைப் பிரித்தார், எதைப் பூட்டினார் என்று சொல்லாமலேயே அருமையாகச் சொன்னார். அப்போதுதான் போன் அடித்தது.

"நம்ம பல் டாக்டர்! பாருங்க, என்னை விட்டா அவருக்கு யாரு இருக்கா?" என்று எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், டீசல் ஃபில்டர் மாத்தினேன். அதிலேர்ந்து என்ஜின் புடிக்க மாட்டேங்குது. கைப்பம்ப் தொளதொளன்னு ஆடுது, ஒண்ணும் ஏறல. ஒரு நிமிஷம், சத்தம் கேளுங்க."

போனுக்குள்ளிருந்து அது வந்தது. கர் கர் கர் என்று சுற்றி, பிடிக்காமல், மூச்சு வாங்கி நின்றது. ஒன்பது வருஷம் கேட்ட குரல். மெஷினக்காவின் கை தானாக ஸ்பேனரைத் தேடியது. அரைச் சுற்று. அவ்வளவுதான். சின்னக் குழந்தை கூடச் செய்துவிடும்.

கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பம்ப் போயிடுச்சுன்னு நினைக்கறேன் டாக்டர்."

"புதுசு வாங்கி மாத்தியாச்சு சார். அதுவும் அப்படியேதான் ஆடுது. மெக்கானிக் என்ன சொல்றார்னா, இவ்வளவு பழைய என்ஜினோட மல்லுக்கட்ட வேண்டாம், கழட்டிப் போட்டுட்டு வேற வைங்கன்னு. நாளைக்கு வர்றார். எனக்கு மனசே இல்ல. அதான் உங்களைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு..."

நான்கு நண்பர்களும் கேப்டன் வாயையே பார்த்தார்கள். கேப்டன் மெஷினக்காவைப் பார்த்தார். போனை அவள் பக்கம் நீட்டினார். "ஏய், நீ ஏதாவது சொல்லேன். கூடவே இருந்தியே."

அவள் போனை வாங்கவில்லை. சத்தமாக, தெளிவாகச் சொன்னாள். "எனக்கென்ன தெரியும் டாக்டர்? நான் பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணவ. எல்லாம் அவர் தலைக்குள்ளதான் இருக்கு."

நண்பர்களில் ஒருவர் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர், அதெல்லாம் செஞ்சது இவ' என்று இந்த நான்கு பேர் காதில் விழும்படி அவர் ஒரு முறை சொன்னால் போதும், அவள் போனைப் பிடுங்கி அரை நிமிஷத்தில் அந்த என்ஜினைப் பேச வைத்துவிடுவாள். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து மன்னித்தும் விடுவாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று மனசு அடித்துக்கொண்டது.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

கேப்டன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"மெக்கானிக் சொல்றது சரிதான் டாக்டர். அதை நான் எவ்வளவோ தாங்கிப் பிடிச்சேன். இனிமே தாங்காது. கழட்டிப் போட்டுடுங்க."