அமரர் பூபாலனார் நினைவாக

மேட்டுச்சந்தைக்குள் நுழைந்தால் முதலில் ஒரு வளைவு உங்களை வரவேற்கும். அமரர் பூபாலனார் நினைவு நுழைவாயில். அதைத் தாண்டினால் பேருந்து நிழற்குடை. அதுவும் அமரர் பூபாலனார் நினைவாகத்தான். பக்கத்தில் ஒரு நீரூற்று, திறப்பு விழா அன்று மட்டும் தண்ணீர் பீய்ச்சியது. எதிரே 'ஐ லவ் மேட்டுச்சந்தை' என்று ஆளுயர எழுத்துகள், செல்ஃபி எடுப்பதற்கு. எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கும். வெளியூர்க்காரர்கள் யாரோ விடுதலைப் போராட்ட வீரர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் எங்கள் பேரூராட்சித் தலைவர் ராஜ்குமாரின் அப்பா. முப்பது வருடம் சந்தையைக் குத்தகைக்கு எடுத்து, கூடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலித்தவர். அப்பா மேல் மகனுக்கு உயிர். அதில் எனக்குக் குறை இல்லை. அந்தப் பாசத்துக்கு ஊர்ப் பணத்தில் சிமென்ட் பூசுவதுதான் எனக்கு ஆகாது.

என் பேர் ஆன்சி. ஏழாவது வார்டு உறுப்பினர், சுயேச்சை. சந்தைத் தெருவில் தையல் கடை, கடைக்குப் பின்னால் வீடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஓட்டுப் போட்டார்கள். எங்களிடம் போடுகிற சண்டையை அங்கே போய்ப் போடட்டும் என்று நினைத்திருக்கலாம். முதல் கூட்டத்துக்குப் போன அன்று, என்னை வண்டியில் இறக்கிவிட வந்த என் வீட்டுக்காரர் கிளமென்ட்டைத்தான் அலுவலக உதவியாளர் என் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பெண் உறுப்பினர்கள் பலருக்கு அங்கே அதுதான் வழக்கமாம். கிளமென்ட் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு நேராக வாணியம்பாடி ஷூ கம்பெனிக்கு, தன் வேலைக்குப் போய்விட்டார்.

என் பிரச்சினை திங்கட்கிழமை. அன்றுதான் சந்தை. ஜவ்வாது மலையிலிருந்து முதல் பஸ்ஸில் பெண்கள் சாமை, புளி, கடுக்காய், தேன் என்று மூட்டைகளோடு இறங்குவார்கள். சாயங்கால பஸ்ஸில்தான் திரும்ப ஏறுவார்கள். நடுவில் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. முன்பு சந்தைக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதர் இருந்தது. அதை பிளாட் போட்டு விற்று, காம்பவுண்ட் சுவரும் எழுப்பிவிட்டார்கள். அதனால் அந்தப் பெண்கள் சந்தை முடிகிற வரைக்கும் தண்ணீரே குடிப்பதில்லை.

புளி விற்கும் சாந்தம்மாள் போன கோடையில் என் கடை வாசலில் சுருண்டு விழுந்தாள். நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலாகியிருந்தது. சொம்பை நீட்டினேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "குடிச்சிட்டு எங்கக்கா போறது?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் எங்கள் வீட்டுக் கழிப்பறையைக் காட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் கூடவே நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வரிசை என் தையல் மெஷினைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. கிளமென்ட் தோளில் துண்டோடு வரிசையின் கடைசியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு திங்கட்கிழமைகளில் கம்பெனியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார். கழிவுத் தொட்டி நிரம்பிக் கொல்லை நாறத் தொடங்கியதும், இதற்குக் கவுன்சிலர் ஆகியிருக்க வேண்டாம், வாசலில் ஒரு போர்டு மாட்டியிருந்தாலே போதும் என்று கிண்டல் வேறு. அந்த ரோஷத்தில் சாந்தம்மாளிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். பொங்கலுக்குள் உங்களுக்கென்று சந்தையிலேயே கட்டித் தருகிறேன் என்றேன்.

வாக்குக் கொடுப்பது சுலபம். அந்த மலைப் பெண்களுக்கு எங்கள் ஊரில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவர்கள் பேரூராட்சியின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். மூன்று கூட்டத்தில் கேட்டேன், மூன்றிலும் 'பரிசீலிக்கப்படும்' என்றார்கள். அதே கூட்டங்களில் இரண்டாவது வளைவும், ஹைமாஸ் விளக்கும், தண்ணீர் வராத நீரூற்றுக்குப் பெயின்ட் அடிப்பதும் நிறைவேறின. பக்கத்து வார்டு தேவயானியிடம் ஆதரவு கேட்டேன். நல்ல விஷயம்தான், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அந்த வீட்டுக்காரர் வளைவுக்கு மணல் சப்ளை செய்தவர்.

எங்கள் மன்றம் நடக்கும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்தர் மோகன் தீர்மானங்களை ஒரே மூச்சில் படிப்பார். பாதிப் பேர் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒருமுறை வெளிநடப்பு செய்து, வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே வந்து உட்காருவார்கள். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் எதிர்பார்ப்பது காசி கடை மசால் வடையைத்தான். வடைத் தட்டு வாசலில் தெரிந்ததும், அந்த நேரத்தில் மோகன் எதைப் படித்துக்கொண்டிருந்தாலும் மேசையைத் தட்டிவிடுவார்கள். ஒருமனதாக நிறைவேறியது என்று பதிவாகும். யாரும் எழுதிவைத்த விதி இல்லை இது. ஆனால் எழுதிவைத்த எந்த விதியும் இவ்வளவு ஒழுங்காக எங்கள் ஊரில் கடைப்பிடிக்கப்படுவதில்லை.

நான்காவது கூட்டத்துக்கு முன்னால், மகளிர் கழிப்பிடத்தையும் தீர்மானமாகச் சேர்க்கச் சொல்லி மோகனிடம் மனு கொடுத்துவிட்டு, காசியைப் போய்ப் பார்த்தேன். மோகன் வாயிலிருந்து 'மகளிர்' என்ற சொல் வந்ததும் தட்டு உள்ளே நுழைய வேண்டும் என்றேன். காசி காரணம் கேட்கவில்லை. திங்கட்கிழமைகளில் கடையில் உதவிக்கு வரும் அவர் மனைவியும் என் வீட்டு வரிசையில் நிற்பவள்தான். அன்று மோகன் 'மகளிர்' வரைக்கும் வந்தார், வடையும் வந்தது. மேசை அதிர்ந்தது. தலைவர் உட்பட எல்லோரும் தட்டினார்கள், எல்லோரையும் விட நான் பலமாகத் தட்டினேன்.

'மகளிர்' என்ற சொல்லுக்கே காத்திருந்து, அதற்கு முன்னால் படித்ததைக் காதில் வாங்காமல் தட்டியதுதான் தப்பு. மோகனின் கம்ப்யூட்டரில் கட்டடத் தீர்மானத்துக்கென்று ஒரே ஒரு வாசகம்தான் உண்டு. எந்தக் கட்டடமோ அதை மட்டும் மாற்றுவார். 'அமரர் பூபாலனார் நினைவு' என்பது முன்னாலேயே தயாராக நிற்கும். பிறகு நான் அவரைப் பிடித்துக் கேட்டபோது மனிதர் அசரவில்லை. அந்த வார்த்தை இல்லாமல் இந்த மன்றத்தில் எந்தக் கட்டடமாவது பாஸாகியிருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

திருப்பத்தூரிலிருந்து வந்த ஒப்பந்தக்காரரோ காகிதத்தில் உள்ளதை அப்படியே செய்கிற அபூர்வப் பிறவி. நாலு அறை, உள்தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி, கைகழுவ ஒரு குழாய் என்று மார்கழி பாதியிலேயே முடித்துவிட்டார். கதவுகள் ஒழுங்காகச் சாத்தின. எங்கள் ஊரில் அரசாங்கக் கதவு ஒழுங்காகச் சாத்தி நான் பார்த்ததில்லை. கடைசியாக, தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி நீல எழுத்தில் ஒரு பலகை வைத்தார். அமரர் பூபாலனார் நினைவு மகளிர் கழிப்பிடம்.

பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தால் விக்கல் எடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைவர் சந்தைப் பக்கம் தேர்தல் நேரத்தில்தான் வருவார். அவர் காதுக்குப் போவதற்குள் சந்தை முழுக்கப் பெயர் பரவிவிட்டது. பூபாலனை எப்போது திறப்பார்கள் என்று வெங்காயக்காரி கேட்டாள். பூபாலனில் தண்ணீர் வருகிறதா என்று பூக்காரி கேட்டாள். எவரோ ஒரு புண்ணியவாட்டி இதைத் தலைவருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். உடனே அவர் கார் வந்தது. அண்ணாந்து பலகையைப் பார்த்தார். பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பலகையைக் கழற்றினால் போதுமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். செயல் அலுவலர் முடியாது என்றார். தீர்மானத்தில் உள்ள பெயரோடு போட்டோ அனுப்பினால்தான் பில் பாஸாகும், பெயரை மாற்ற வேண்டுமானால் புதுத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். 'என் அப்பா பெயரைக் கழிப்பிடத்திலிருந்து நீக்குக' என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தால் எதிர்க்கட்சிக்காரர்கள் அன்றைக்கு வெளிநடப்பு செய்வார்களா? உள்ளேயே பாய் விரித்து உட்கார்ந்து பேசுவார்கள். அதனால் தலைவர் வேறு வழி கண்டுபிடித்தார். கட்டடம் பூட்டியே இருக்கட்டும், பிளீச்சிங் பவுடர் வைக்கும் குடோனாக்கிவிடலாம் என்றார். பலகையைச் சாக்குப் போட்டு மூடினார்கள்.

பொங்கலுக்கு முந்தின திங்கட்கிழமை சாந்தம்மாள் வந்தாள். பூட்டைப் பார்த்தாள். என்னை ஒன்றும் கேட்காமல் பழையபடி என் வீட்டு வரிசையில் போய் நின்றாள். கேட்டுத் திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் கேட்காமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டுத் தலைவர் வீட்டுக்கு நடந்தேன்.

ராஜ்குமார் கூடத்தில் அப்பாவின் மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் அவர் அம்மா மணியம்மாள் பொங்கலுக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் போனேன். ராஜ்குமாரின் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. ராத்திரி தூங்காத முகம் அது.

"உங்க மேல கோவம் இல்லீங்க ஆன்சிக்கா," என்றார். "எங்கப்பா பேரைச் சொல்லிச் சொல்லி ஜனம் சிரிக்குது. அந்த மனுசன் இன்னா பாவம் பண்ணாரு?"

அந்தப் பலகையில் என் அப்பா பேர் இருந்தால் நானும் பூட்டைத்தான் தேடியிருப்பேன். அப்படித் தோன்றியதில் எனக்கு என் மேலேயே எரிச்சல்.

"இன்னா பாவம்னு நான் சொல்லட்டா?" என்றார் மணியம்மாள். மொச்சை உரிக்கும் கை நிற்கவில்லை. "கல்யாணம் ஆயி வந்த புதுசுல அதே சந்தையில நான் வெத்தலை வித்தவடா. உங்கப்பா கூடை கூடையா சுங்கம் வாங்கிக்கினு போவாரு. பொம்பளைங்களுக்கு ஒரு மறைப்பாச்சும் கட்டிக் குடுங்கன்னு கேட்டேன். அடக்கிக்கினு உக்காருங்க, இன்னா இப்பன்னாரு. இருட்டுற வரைக்கும் அடக்கிக்கினுதான் உக்காந்திருந்தேன். உன்னை வயித்துல வெச்சிக்கினும் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."

ராஜ்குமார் படத்தையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் அவரு பேரை எழுதி வெச்ச. எது யாருக்கு ஒதவுது? இது ஒண்ணுலதான் அந்தப் பேரு வேலைக்கு ஆவும். இருந்துட்டுப் போவட்டும். சாவியக் குடு."

எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டுத் திறக்கலாம், தேதி கேட்கிறேன் என்று ராஜ்குமார் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அவருக்கா அவசரம்?" என்றார் மணியம்மாள். சாவி கைமாறியது. கவுன்சிலராகி முதல்முறையாக, நான் வாயே திறக்காமல் எனக்கு வேண்டியது நிறைவேறியது.

காரில் ஏற மாட்டேன் என்று மணியம்மாள் நடந்தே வந்தார். பின்னால் நான், என் பின்னால் தலைவர். சந்தையில் வியாபாரத்தை விட்டுவிட்டு எல்லோரும் பார்த்தார்கள். மணியம்மாள் சொல்ல, ராஜ்குமாரே ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையிலிருந்த சாக்கை இழுத்துப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. மணியம்மாள் பூட்டைத் திறந்து உள்ளே போனார், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே, தண்ணீர் நன்றாக வருகிறது, வாருங்கள் என்று பொதுவாகச் சொன்னார். என் வீட்டு வரிசை கொஞ்ச நேரத்தில் இடம் மாறி அங்கே போய்விட்டது.

சாந்தம்மாள் உள்ளே போய்விட்டு ஈர முகத்தோடு வந்தாள். பலகையை அண்ணாந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கத்தில் நின்றவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. "யாரும்மா இந்த பூபாலனாரு?" என்று மணியம்மாளிடமே கேட்டாள். "பொம்பளைங்க கஷ்டம் தெரிஞ்ச புண்ணியவான் போல."

ராஜ்குமார் ஸ்டூலைக் கையில் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மணியம்மாள் அந்த நீல எழுத்துகளை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரருதாம்மா," என்றார். "இன்னிக்குத்தான் புண்ணியவான் ஆனாரு."